பங்குனிக் காய்களில் ரிசோட்டோ: பொங்கலாகாமல் இறக்குவது எப்படி?

வளவுக்காரி (காரைக்குடி)
ஞாயிறு, காலை 9.10

எல்லாருக்கும் வணக்கம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். மகள் இரண்டு வருஷம் இத்தாலியில், மிலானில் படித்துவிட்டுப் பங்குனி பிறந்ததும் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து வெள்ளைப் பணியாரம், கும்மாயம், மண்டி என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவள், பத்தாம் நாள், "ஆத்தா, இந்த நேரத்துக்கு அங்கே பச்சைக் காய் போட்டு ரிசோட்டோன்னு குழைவா ஒரு அரிசிச் சாப்பாடு வைப்பாங்க, நாமளும் வைப்போமா" என்றாள். அரிசி, காய், வெண்ணெய், இதில் என்ன பெரிய வித்தை என்று நானே அடுப்படிக்குள் போனேன்.

முதல் தடவை பொன்னிப் பச்சரிசியை மூன்று தண்ணி விட்டுக் களைந்து, காயையும் கூடவே போட்டு, தண்ணீரை மொத்தமாக ஊற்றி மூடிவிட்டேன். வந்தது பொங்கல். மிளகும் சீரகமும் இல்லாத பொங்கல். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கொத்சு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இரண்டாம் தடவை ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துச் சீரகச் சம்பாவில் ஒரு டம்ளர் கிரீமும் நான்கு சீஸ் கட்டியும் போட்டேன். ருசி இருந்தது, ஆனால் சாப்பிட்ட எல்லாரும் மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடந்தோம். மகளோ, "அங்கே இதைச் சாப்பிட்டுட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டு வகுப்புக்குப் போயிருவேன், வயிறு லேசா இருக்கும்" என்கிறாள்.

அந்த லேசு எங்கிருந்து வருகிறது? எந்த அரிசி? இந்த வெயிலில் நம் சந்தையில் கிடைக்கிற காயில் எதைப் போடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலைக்காரன் (புதுவயல்)
ஞாயிறு, காலை 10.02

ஆச்சி, காயை அப்புறம் பார்ப்போம். மூன்று தண்ணி விட்டுக் களைந்தீர்கள் பாருங்கள், உங்கள் ரிசோட்டோ அப்போதே அங்கணத்தில் போய்விட்டது.

மண்டி வைக்க நாம் அரிசி களைந்த தண்ணியை எடுத்து வைக்கிறோம் இல்லையா? வெண்டைக்காயையும் மொச்சையையும் புளியையும் கூட்டிப் பிடிப்பது அந்த வெள்ளைத் தண்ணிதான். ரிசோட்டோவில் அதே சரக்கு சட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால் இந்த அரிசியை யாரும் கழுவுவதில்லை. கல், தூசி இருந்தால் முறத்தில் புடைத்துக்கொள்ளுங்கள், துணியால் துடைத்துக்கொள்ளுங்கள், தண்ணி மட்டும் காட்டாதீர்கள்.

அரிசி ஆலை ஊர்க்காரன் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு உண்டு. முதலாவது தூக்கலாக இருந்தால் சோறு பூப்போல உதிரும், பாசுமதி அப்படி. இரண்டாவது தூக்கலாக இருந்தால் ஒட்டும். அந்தக் கோடியில் நிற்பது பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கொண்டு வந்த கவுணி அரிசி. ரிசோட்டோவுக்கு இரண்டும் ஆகாது. வெளியே கரைந்து குழம்பாகவும் வேண்டும், உள்ளே பல்லுக்குத் தெரியவும் வேண்டும். இத்தாலியில் ஆர்போரியோ, கார்னரோலி, வியலோனே நானோ என்று அதற்கென்றே குட்டை குட்டையான அரிசி வைத்திருக்கிறார்கள். ஆர்போரியோ என்பது பீட்மாண்டில் ஓர் ஊரின் பெயர். அந்தப் பக்கம் போ என்கிற ஆற்றின் படுகையில் நெல் வயல்கள் உண்டு, நம் காவிரிப் பாசனம் மாதிரி.

புழுங்கல் அரிசியைத் தொடவே வேண்டாம். அவித்துக் காயவைக்கும்போதே அதன் மாவு வெந்து இறுகிவிடும், நீங்கள் எவ்வளவு கிளறினாலும் வெளியே வராது. ஆர்போரியோ இப்போது இணையத்தில் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் சுடும். வேண்டாம் என்றால் குட்டை ரகப் பச்சரிசி, அதிலும் தை அறுவடையில் வந்த புது அரிசி. பழைய அரிசிதான் உசத்தி என்று நாம் தேடுவோம், சோறு உதிரியாக வரும் என்பதற்காக. இங்கே அது தலைகீழ்.

சும்மா ஒரு ஆள் (தேவகோட்டை)
ஞாயிறு, காலை 10.15

பொங்கலில் மிளகையும் நெய்யையும் எடுத்துவிட்டு வெள்ளைக்காரன் பெயரை வைத்தால் ரிசோட்டோ. இதற்கு ஓர் இழையா?

கப்பல் அடுப்பு (கானாடுகாத்தான்)
ஞாயிறு, காலை 11.40

தேவகோட்டை அண்ணே, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு வருஷம் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தேன். முதல் மாதம் இத்தாலியக்காரப் பெரிய சமையற்காரர் என் சட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அப்படியே குப்பையில் கொட்டினார். பொங்கலில் அரிசியின் உருவம் குலைய வேண்டும், குலையாவிட்டால் ஆயா திட்டும். இதில் குலைந்தால் அவர் திட்டுவார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆச்சி, நான்கு பேருக்குக் கணக்குச் சொல்கிறேன். அரிசி 320 கிராம். காய் வேகவைத்த தண்ணி ஒன்றேகால் லிட்டர், அது பக்கத்து அடுப்பில் சூடாகவே நிற்க வேண்டும். ஆறின தண்ணியை ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் கொதி அடங்கி, அரிசி வெளியே கரைந்து உள்ளே கல்லாக நிற்கும். இருப்புச்சட்டி வேண்டாம், கடைசியில் எலுமிச்சை விடும்போது இரும்பு வாடை வரும். அகலமான, அடி கனமான சட்டி எடுங்கள். கிளற மரக்கரண்டி, கும்மாயம் கிளறுகிற துடுப்பு இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு கரண்டி எண்ணெயில் பாதி வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, நிறம் மாறாமல் வதக்குங்கள். அப்புறம் அரிசியைக் கொட்டி மூன்று நிமிஷம் பிரட்டுங்கள். ஓரமெல்லாம் கண்ணாடி போல ஆகி நடுவில் மட்டும் வெள்ளை நிற்கும். தொட்டால் சுட வேண்டும், சிவக்கக் கூடாது. அவர்கள் இந்த இடத்தில் அரை டம்ளர் வெள்ளை வைன் ஊற்றிச் சுண்டவிடுவார்கள், அது புளிப்புக்காக. நம் வீட்டில் அது இல்லை என்றால் அழ வேண்டாம், கடைசியில் அரை மூடி எலுமிச்சை போதும்.

இனி ஒரு கரண்டி தண்ணி, கிளறு, அது இழுத்ததும் அடுத்த கரண்டி. எப்போது ஊற்றுவது என்று எல்லாரும் கேட்பார்கள். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு ஒரு நொடி திறந்து நின்று மெதுவாக மூடினால் ஊற்றுகிற நேரம். உடனே மூடினால் பொறுங்கள். திறந்தபடியே நின்றால் தாமதித்துவிட்டீர்கள். விடாமல் கிளறிக் கையை ஒடித்துக்கொள்ள வேண்டாம், அரிசி ஒன்றோடு ஒன்று உரசுகிற அளவுக்கு அடிக்கடி கிளறினால் போதும். அந்த உரசலில்தான் மாவு இறங்குகிறது.

பன்னிரண்டாம் நிமிஷத்திலிருந்து கடித்துப் பாருங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, நிமிஷத்துக்கு ஒரு சோறு பார்க்க வேண்டும். நகத்தால் கிள்ளினால் நடுவில் குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி தெரிகிற நேரத்தில் அடுப்பை அணையுங்கள். ஆர்போரியோவுக்கு 16 முதல் 18 நிமிஷம் ஆகும். நம் பச்சரிசி அதற்கு முன்பே வெந்துவிடும், ஏமாந்துவிடாதீர்கள்.

அணைத்து ஒரு நிமிஷம் விட்டு, குளிர்ந்த வெண்ணெய் 30 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டுச் சட்டியை ஆட்டி ஆட்டிக் கிளறுங்கள். வெண்ணெய் உருகி எண்ணெயாகப் பிரியாமல் அந்த மாவுத் தண்ணியோடு கலந்து பளபளவென்று வரும். நீங்கள் ஊற்றிய கிரீம் செய்கிற வேலையை அரிசியும் வெண்ணெயும் இந்த ஒரு நிமிஷத்தில் செய்துவிடும். சட்டியைச் சாய்த்தால் மொத்தமும் அலை மாதிரி ஓடி வர வேண்டும், அவர்களும் அதை அலை என்றுதான் சொல்வார்கள். தட்டில் ஊற்றி அடியில் கையால் தட்டினால் தானே பரவ வேண்டும். குன்று மாதிரி நின்றால் இன்னும் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றுங்கள். நீங்கள் கேட்ட லேசு அந்தக் கரண்டி வெந்நீரில்தான் இருக்கிறது. கெட்டியாக இறக்குகிறவர்கள்தான் மத்தியானம் தூங்குகிறார்கள்.

பள்ளத்தூர் ஆயாவீடு
ஞாயிறு, மதியம் 2.30

காய் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. எல்லா வீடியோவிலும் பச்சைப் பட்டாணி, அஸ்பாரகஸ் என்கிற இளந்தண்டு, சுக்கினி என்கிற சுரை மாதிரிக் காய் என்று அதே மூன்றைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அங்கே அது சரி. பனி விலகி மண்ணிலிருந்து முதலில் எட்டிப் பார்ப்பவை பட்டாணியும் அஸ்பாரகஸும். வெனிஸ்காரர்கள் ஏப்ரல் 25, செயின்ட் மார்க் திருநாள் அன்று ரிசி எ பிசி என்று அரிசியும் பட்டாணியும் சேர்த்து வைப்பார்கள். புதுப் பட்டாணி வந்த சந்தோஷம் அது. பட்டாணித் தோலைக்கூட எறியாமல் வேகவைத்து அந்தத் தண்ணியில்தான் அரிசியை வேகவிடுவார்கள்.

ஆனால் அவர்களுக்கு வசந்தம் பிறக்கும்போது நமக்குத் தார் ரோடு உருகுகிறது. நம் பட்டாணியும் மொச்சையும் மார்கழி, தையிலேயே வந்து போய்விட்டன. பங்குனியில் பட்டாணி தேடினால் உறைந்த பொட்டலம்தான் கிடைக்கும். அதை வைத்து வசந்தம் கொண்டாடுவது எனக்குச் சிரிப்பு. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது பட்டியல் இல்லை, இன்றைக்குச் சந்தையில் எது பிஞ்சாக இருக்கிறதோ அதை வாங்கும் பழக்கம். நம்மிடம் இப்போது என்ன பிஞ்சு? முருங்கை, பீர்க்கு, சுரைப்பிஞ்சு, வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய்.

பீர்க்கங்காயை நரம்பு சீவிச் சின்னச் சதுரமாக நறுக்கினால் சுக்கினியைத் தேடவே வேண்டாம், இன்னும் இனிப்பு. கடைசி நான்கு நிமிஷத்தில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் கரைந்து காணாமல் போகும். முருங்கைக்காயைத் தனியாக வேகவைத்துச் சதையைக் கரண்டியால் வழித்து வைத்துக்கொள்ளுங்கள். வழித்த தோலைத் திரும்ப அந்தத் தண்ணியிலேயே போட்டு, பீர்க்கந்தோல், வெங்காயத் தாள், நான்கு மிளகு சேர்த்து அரை மணி நேரம் சிறு தீயில் விட்டால் அதுதான் உங்கள் காய்த்தண்ணி. வெள்ளரிப்பிஞ்சை வேகவைக்காதீர்கள், அரிசித் துண்டளவு அரிந்து தட்டில் ஊற்றினபின் மேலே தூவுங்கள், கடிக்கக் கடிக்க ஈரமாக இருக்கும். மாங்காய்த் துருவல் ஒரு கரண்டி போட்டால் வைனும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம்.

மொச்சை தையில் வாங்கிக் காயவைத்தது வீட்டில் இருந்தால், ஊறவைத்துப் பிதுக்கிப் போடலாம். அங்கேயும் ஃபாவா என்கிற அவர்கள் மொச்சையை இரண்டாம் தோலையும் உரித்துத்தான் போடுகிறார்கள். நம் பிதுக்குப் பருப்பு வேலைதான்.

அஸ்பாரகஸைப் பற்றி ஒன்று. அது நம் தண்ணீர்விட்டான் செடிக்குப் பங்காளி, ஒரே குடும்பப் பெயர். அதைக் கேட்டு என் அண்ணன் மகன் கொல்லையிலிருந்து தண்ணீர்விட்டான் கிழங்கைத் தோண்டிக்கொண்டு வந்தான். அவர்கள் சாப்பிடுவது அந்தச் செடியின் இளந்தண்டு, கிழங்கு இல்லையடா என்று திருப்பி அனுப்பினேன்.

சும்மா ஒரு ஆள் (தேவகோட்டை)
ஞாயிறு, மதியம் 2.41

முருங்கைக்காய்த் தண்ணியில் வைத்தால் சாம்பார் வாசம் வராதா?

பள்ளத்தூர் ஆயாவீடு
ஞாயிறு, மதியம் 2.50

சாம்பார் வாசம் சாம்பார்ப் பொடியில் இருக்கிறது அண்ணே. பொடி போடாமல் ஒரு தடவை முருங்கைக்காயை உப்பு மட்டும் போட்டு வேகவைத்து முகர்ந்து பாருங்கள். கறிவேப்பிலை, பெருங்காயம் இரண்டையும் அன்றைக்கு அஞ்சறைப் பெட்டியோடு மூடி வைத்துவிடுங்கள், அவை வந்தால் மற்றதெல்லாம் அடங்கிப் போகும்.

வெள்ளிக்கிழமை சைவம் (கோனாபட்டு)
ஞாயிறு, மாலை 5.20

ஒரு எச்சரிக்கை. இதில் துருவிப் போடுகிற பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரெனெட். வெள்ளி, கார்த்திகை என்று சைவமாக இருக்கிற வீடுகளில் தெரியாமல் போட்டுவிடுவார்கள், எங்கள் வீட்டில் நடந்தது. அதன்பிறகு நான் உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எந்தச் சீஸும் வாங்குவதில்லை. தாவர ரெனெட், நுண்ணுயிர் ரெனெட் என்று போட்டவை கிடைக்கின்றன. நாம் சாண்ட்விச்சுக்கு வைக்கிற கட்டிச் சீஸைப் போட்டால் பிசின் மாதிரி நூல் நூலாக வரும், உப்பும் கரிக்கும். அதற்குச் சீஸே இல்லாமல் விடுவது மேல்.

கப்பல் அடுப்பு (கானாடுகாத்தான்)
ஞாயிறு, மாலை 5.48

சரியாகச் சொன்னீர்கள். காய் ரிசோட்டோவுக்குச் சீஸ் கொஞ்சம் போதும், நான்கு பேருக்கு 40 கிராமுக்கு மேல் நான் போடுவதில்லை. மீன், இறால் போட்டு வைத்தால் இத்தாலியில் பலர் சீஸே போடுவதில்லை. சீஸை விட்டால் உப்பைச் சரிபாருங்கள், அதன் உப்பு குறையும்.

குக்கர் கட்சி (காரைக்குடி)
ஞாயிறு, இரவு 8.05

பங்குனி வெயிலில் இருபது நிமிஷம் அடுப்பு முன்னால் நின்று கிளற யாரால் முடியும்? நான் வெங்காயம், அரிசி வதக்குகிற வரைக்கும் கப்பல் அண்ணன் சொன்னபடிதான். அப்புறம் ஒன்றுக்கு இரண்டரை சூடான தண்ணி ஊற்றிக் குக்கரை மூடி, ஒரு விசில், சிறு தீயில் மூன்று நிமிஷம். ஆவியைக் கரண்டியால் தூக்கி விட்டுத் திறந்து, தனியாக வேகவைத்த காய், வெண்ணெய், ஒரு கரண்டி வெந்நீர், ஐம்பது எண்ணுகிற வரைக்கும் ஓங்கிக் கிளறல். பத்தில் எட்டு மார்க் வரும். மீதி இரண்டு மார்க்குக்கு வேர்வை சிந்த நான் தயாரில்லை.

கப்பல் அடுப்பு (கானாடுகாத்தான்)
ஞாயிறு, இரவு 8.30

இத்தாலியிலும் வீடுகளில் குக்கரில் வைக்கிறார்கள், சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஆவியை உடனே விடுவது முக்கியம், தானாக அடங்கட்டும் என்று விட்டால் ஆச்சியின் முதல் தடவைப் பொங்கல்தான்.

வளவுக்காரி (காரைக்குடி)
செவ்வாய், இரவு 9.25

வைத்துவிட்டேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஆர்போரியோவுக்கு ஆர்டர் போட்டால் வர ஐந்து நாளாகும் என்றது, மகளுக்குப் பொறுமை இல்லை. புதுவயலிலிருந்து வந்த புதுப் பச்சரிசி, குட்டை ரகம், 320 கிராம். கழுவவில்லை. கை தானாகக் குழாய்ப் பக்கம் போயிற்று, மகள் பிடித்துக்கொண்டாள். முருங்கைக்காய் நான்கு, பீர்க்கு ஒன்று, வெள்ளரிப்பிஞ்சு இரண்டு, ஒரு மாங்காய். காய்த்தண்ணி மட்டுமே ஒரு டம்ளர் குடிக்கலாம் போல இருந்தது.

வதக்கல், பிரட்டல் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கோடு இழுத்துப் பார்க்கிற வித்தை பிரமாதம், இரண்டாம் கரண்டியிலிருந்தே கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. எட்டாம் நிமிஷம் கேஸ் தீர்ந்தது. ஆமாம், சரியாக அந்த நேரம். மாற்றுச் சிலிண்டரும் காலி, பதிவு செய்யாமல் விட்டது நான்தான். இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்து வைத்தால் நான் எடுத்தது அலுமினியச் சட்டி, அது சூடே ஏறவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் எவர்சில்வர் குக்கரில் கொட்டி, மூடாமல், அதில் கிளறி முடித்தேன். அந்தக் களேபரத்தில் அரிசி ஒரு நிமிஷம் கூடுதலாக வெந்துவிட்டது. கிள்ளிப் பார்த்தபோது வெள்ளைப் புள்ளி போய்விட்டிருந்தது.

ஆனாலும் அலை வந்தது. குக்கரைச் சாய்த்ததும் மொத்தமும் ஒரு பக்கமாக வழிந்து வந்து நின்றது, மகள் கைதட்டினாள். மாங்காய்த் துருவல் போட்டது நல்ல வேளை, வெண்ணெயின் கனமே தெரியவில்லை. முருங்கைச் சதை அரிசியோடு கரைந்து வெளிர்ப்பச்சையாக இருந்தது. சாம்பார் வாசம் வரவில்லை, தேவகோட்டை அண்ணன் குறித்துக்கொள்ளவும்.

மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. ஒரு தட்டை முடித்துவிட்டு, "கஞ்சிக்கும் சோத்துக்கும் நடுவுல நிக்குது, என் பல்லுக்குத் தோது" என்றார்கள். அப்புறம் நார்த்தங்காய் கேட்டார்கள். கொடுத்தேன், மகள் முறைத்தாள்.

ஒரு கிண்ணம் மீந்துவிட்டது. சூடுபடுத்தலாமா?

கப்பல் அடுப்பு (கானாடுகாத்தான்)
செவ்வாய், இரவு 9.50

கேஸ் தீர்ந்தும் அலை வந்ததா, ஆச்சி, நீங்கள் கப்பலுக்கே வரலாம். சூடுபடுத்தாதீர்கள், களியாகிவிடும். இரவு குளிர்பெட்டியில் வையுங்கள், காலையில் இறுகி இருக்கும். மிலானில் அதைத் தட்டையாகத் தட்டி வெண்ணெயில் இரு பக்கமும் மொறுமொறுவென்று சுடுவார்கள். சிசிலியில் உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள், அரஞ்சினி என்று பெயர்.

வளவுக்காரி (காரைக்குடி)
புதன், காலை 8.15

பொரிக்கவில்லை. எலுமிச்சையளவு உருட்டி, ரவையில் புரட்டி, குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு அரை கரண்டி எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பிச் சுட்டேன். வெளியே மொறுமொறு, உள்ளே குழைவு. ஏழு வந்தது. மகள் எழுந்து வருவதற்குள் நான்கை வீட்டுக்காரர் வரமிளகாய்த் துவையலோடு முடித்துவிட்டார்.